தட்டிவானுக்குள்ள போர் எங்க?

நாங்கள் ஒரு படம் எடுக்க வேணும் எண்டு கதைக்கத் தொடங்கி மூன்று வருசம் ஆகுது. படம் இன்னும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் எழுதின கதைச் சுருக்கங்கள் பதினொன்று இருக்கு. ஒற்றை வசனத்தில் ஒன்று, 150 சொல்லில் ஒன்று, ஒரு பக்கத்தில் ஒன்று, ஐந்து பக்கத்தில் இரண்டு, "இந்தப் படம் ஏன் இப்போது தேவை" என்று விளக்குகிற மாதிரி மூன்று. மிச்சம் எல்லாம் முந்தினதுகளைத் திருத்தினது. எல்லாமே இங்கிலீசில். திரைக்கதை மட்டும் 22ஆம் பக்கத்தில் நிற்கிறது. அது தமிழில்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எங்களை நாங்களே கேட்டோம்: நாங்கள் படம் எழுதுகிறோமா, விண்ணப்பம் எழுதுகிறோமா? அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. கோபத்தோடுதான் எழுதுகிறோம். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எங்களுக்கும் சேர வேண்டியது. அதை ஒளிக்கப் போவதில்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் தட்டிவான் ஓடுகிற ஒரு மனுசன். வயசு அறுபது தாண்டிவிட்டது. வானை வித்துப்போட்டு ஒரு ஓட்டோ எடுங்கோ அப்பா எண்டு மகள் சொல்கிறாள். அவர் மாட்டன் எண்டுறார். அவ்வளவுதான். விடிய வெள்ளண சந்தைக்குப் போகிற ஆச்சிமார், பின்தட்டியில் ஏற்றுகிற வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மாதக்கணக்கில் முகம் பார்த்துக் கதைக்காத தகப்பனும் மகளும். "இதுக்குள்ள என்ன படம் இருக்கு?" எண்டு கேட்டால் எங்களுக்கும் முழுப் பதில் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் காசும் காலமும் கேட்டோம்.

அபிவிருத்தி எண்டால் என்ன?

சினிமாவில் இந்தக் காசுக்கு ஒரு பெயர் இருக்கு. டிவெலப்மென்ற் ஃபண்டிங். அப்படியே தமிழில் சொன்னால் அபிவிருத்தி நிதி. அபிவிருத்தி எண்ட சொல்லை எங்களுக்கு நல்லாத் தெரியும். 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். காப்பெற் றோட்டு, நாடா வெட்டு, பொன்னாடை, எந்த நாட்டுக் காசு எண்டு மூன்று மொழியில் எழுதின பெயர்ப்பலகை. இதெல்லாம் பார்த்துத்தான் அந்தச் சொல்லைப் படித்தோம். பாலம் கட்டி முடிய முதலே பலகை நட்டுவிடுவார்கள்.

ஒரு படத்தின் அபிவிருத்தியில் நாடா வெட்ட ஒண்டும் இல்லை. எழுதுகிற ஆள் ஆறு மாசம் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க வேணும். தினமும் தட்டிவானில் ஏறிப் போய்வர வேணும். பழைய சாரதிமாரோட இருந்து கதைத்துப் பதிய வேணும். எழுதினதை அனுபவம் உள்ள ஒருவருக்குக் காட்டி, அவர் இது சரிவராது எண்டு சொன்னால் கிழித்துப்போட்டு மறுபடி எழுத வேணும். இடம் பார்க்க வேணும். நடிக்கக்கூடிய முகங்களைத் தேட வேணும். ஒரு சோதனைக் காட்சி எடுத்துப் பார்க்க வேணும். செலவுக் கணக்கு ஒன்று ஒழுங்காகப் போட வேணும். இதுக்குத்தான் அந்தக் காசு. முடிவில் கையில் இருக்கப்போவது ஒரு கட்டுக் கடதாசி. சிலவேளை, இந்தப் படத்தை எடுக்க ஏலாது எண்ட தெளிவு. அதுவும் ஒரு பலன்தான்.

இன்னும் தெரியாத ஒரு விசயத்தைத் தேடுவதற்கான காசு அது. எங்களிடம் வருகிற ஒவ்வொருத்தரும் அதைத் தெரிந்துகொண்டு வா, பிறகு தருகிறம் எண்டுதான் சொல்லுகினம். அதைவிட மோசம், என்ன தெரியவேணும் எண்டதையும் அவையளே முடிவு செய்து வைத்திருக்கினம்.

ஒவ்வொரு வாசலாக

முதல் வாசல் என்ஜிஓ. எங்கட பக்கத்தில் கமரா பிடித்த பெடியள் பெட்டையளில் பலபேர் முதல் கமராவைத் தொட்டது ஒரு செயலமர்வில்தான். அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் அங்கே குறும்படம் எண்டது "பெறுபேறு". நல்லிணக்கம், வலுவூட்டல், பால்நிலை சமத்துவம் எண்ட தலைப்பு முதலே வந்துவிடும். ஐந்து நாள் பயிற்சி, மூன்று நாள் படப்பிடிப்பு, நாலாம் நாள் சான்றிதழ். படத்தின் கடைசியில் சிங்களப் பெடியனும் தமிழ்ப் பெடியனும் கை குலுக்க வேணும், இல்லாட்டி ஒரு மரம் நட வேணும். அறிக்கையில் "பயனாளிகள்: 25 இளைஞர்" எண்டு போகும். அந்த 25 பேரில் எத்தனை பேர் அடுத்த வருசமும் படம் எடுத்தார்கள் எண்ட கேள்விக்கு அந்த அறிக்கையில் பெட்டி இல்லை.

இரண்டாவது வாசல் உள்ளூர் முதலாளி. நல்ல மனுசர். தேத்தண்ணி தருவார். "பாட்டு எத்தினை?" எண்டு கேட்பார். எழுதுவதற்குக் காசு கேட்டால் சிரிப்பார். "எழுதத்தானே தம்பி, அதுக்கு ஏன் காசு? பேனை இல்லையோ?" அவரில் பிழை சொல்ல மாட்டோம். ஒரு கடையில் மூட்டை தூக்குகிறவருக்குக் கூலி உண்டு எண்டு அவருக்குத் தெரியும். யோசிப்பதுக்குக் கூலி உண்டு எண்டு இந்தச் சமூகம் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது வாசல் புலம்பெயர்ந்த உறவு. வட்சப்பில் கூப்பிட்டு, மனசு உருகி, "செய்யுங்கோ பிள்ளையள்" எண்டு சொல்லுகிறவர்கள். கதையைச் சொன்னதும் ஒரு அமைதி. பிறகு, "எங்கட சனத்தின்ர வலியைச் சொல்லுற மாதிரி ஒண்டு செய்யலாமே?" நாங்கள் இங்கே இருக்கிறோம். எங்களுக்கும் வலி இருக்கு. ஆனால் அந்த வலியில் ஓட்டோ லீசிங்கும் இருக்கு, வேலையில்லாத பட்டதாரி மகளும் இருக்கிறாள். அது அவருடைய ஞாபகத்தில் இருக்கிற ஊரில் இல்லை. அவர் கேட்பது தன் ஊரின் படம். நாங்கள் எடுக்க நினைப்பது நாங்கள் இருக்கிற ஊரின் படம்.

நாலாவது வாசல் அரசு. இந்த வாசலை நாங்கள் மறந்தே போனோம். ஆனால் இங்கே ஒரு வரலாறு இருக்கு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியது. அதே எழுபதுகளில்தான் "குத்துவிளக்கு" வந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில், தமிழில், காவலூர் ராசதுரையின் எழுத்தில் "பொன்மணி" எடுத்தார். அடுத்த வருசம் செங்கை ஆழியானின் நாவல் "வாடைக்காற்று" படமானது. நாவல் எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் ஒரே மேசையில் இருந்து கதைத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது எரிந்தது கட்டடம் மட்டும் இல்லை. படச்சுருள்களும் போயின. பிறகு யுத்தம். இந்தத் தொழில் ஒரு தலைமுறையிடம் இருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை. நாங்கள் சும்மா திறமை இல்லாத ஆக்கள் இல்லை. கை மாற வேண்டியது எரிந்துபோன ஆக்கள்.

அப்படியிருக்க, ஒரு அலுவலகத்துக்குப் போய் எழுதும் கட்டத்துக்கு உதவி இருக்கோ எண்டு கேட்டபோது கிடைத்த பதில்: "முடிஞ்ச திரைக்கதையைக் கொண்டு வாங்கோ, பாப்பம்." முடிந்த திரைக்கதை இருந்தால் நாங்கள் ஏன் வருகிறோம்?

வெளிநாட்டு வாசல்

கடைசி வாசல் வெளிநாட்டு விழாக்களின் நிதிகள். இதைப் பற்றி நியாயமாகக் கதைக்க வேணும். எழுதும் கட்டத்துக்கு மரியாதை தந்தவர்கள் அவர்கள்தான். ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபேர்ட் பால்ஸ் நிதி 1988இல் இருந்து இயங்குகிறது. திரைக்கதையை உருவாக்கும் கட்டத்துக்கெண்டே 10,000 யூரோ அளவில் தருகிற நிதி அது. லொக்கார்னோ விழாவின் "ஓப்பன் டோர்ஸ்" 2016 முதல் 2018 வரை இலங்கை உட்பட எட்டுத் தெற்காசிய நாடுகளை எடுத்துக்கொண்டது. இப்படியான கதவுகள் இல்லாமல் எங்களைப் போன்ற நாடுகளின் பல படங்கள் பிறந்தே இருக்காது. ஆகவே "வெள்ளைக்காரன்ர சதி" எண்டு முடித்துவிட்டுப் போகிற சோம்பேறிக் கட்டுரை இது இல்லை.

ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு படிக்கட்டு இருக்கு. பதிவு செய்த கொம்பனி வேணும். முந்தின படங்கள் வேணும். பரிந்துரைக் கடிதம் வேணும். எல்லாத்துக்கும் மேலே இங்கிலீசு வேணும். சும்மா இங்கிலீசு காணாது, விண்ணப்ப இங்கிலீசு வேணும். எங்கட சாரதி கோவத்தில் மகளைப் பார்த்து "நீ போய் உன்ர வேலையைப் பார், எனக்குப் படிப்பிக்காத" எண்டு சொல்கிற வசனத்தில் வடமராட்சி இருக்கு, அவருடைய வயசு இருக்கு, தோல்வி இருக்கு. மொழிபெயர்த்த பிறகு அது எந்த நாட்டுத் தகப்பனும் சொல்லக்கூடிய ஒரு வசனம். தெரிவுக்குழு படித்தது எங்கட கதையை இல்லை, எங்களில் நல்லா இங்கிலீசு தெரிஞ்ச ஒருத்தியின் இங்கிலீசை. அவள் எங்களோட இல்லாவிட்டால் நாங்கள் விண்ணப்பிக்கவே மாட்டோம். கிளிநொச்சியில், மட்டக்களப்பில், அற்றனில் இப்படி ஒரு சிநேகிதி கிடைக்காத எத்தனை பேரிடம் எங்களைவிட நல்ல கதை இருக்கும்? அதை ஒருத்தரும் எண்ணுவதில்லை. விண்ணப்பிக்காதவர்கள் நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலிலும் இல்லை.

இனி நாங்கள் செய்த வேலையைச் சொல்ல வேணும். மேலே சொன்ன பெரிய நிதிகள் இல்லை, வேறொரு சிறிய நிதி. பெயர் தேவையில்லை. படிவத்தில் ஒரு கேள்வி: "இந்தக் கதையில் கொன்பிளிக்ற் எங்கே?" நாடகத்தில் வருகிற முரண்பாட்டைத்தான் கேட்கிறார்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் இருப்பது எண்டு எழுதி அனுப்பினோம். நிராகரிப்பு. ஒரு வருசம் கழித்துத் திரும்பவும் அதே படிவம், அதே கேள்வி. அந்தச் சொல்லுக்கு எங்கட நாட்டைப் பொறுத்தவரை இன்னொரு அர்த்தமும் இருக்கு. எங்களுக்குள் ஒருவர் சொன்னார்: "தட்டிவானுக்குள்ள போர் எங்க எண்டுதான் கேக்கிறாங்கள் போல." எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, சாரதிக்கு ஒரு மகனைச் சேர்த்தோம். காணாமல் ஆக்கப்பட்ட மகன்.

இந்த முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். சூம் திரையில் மூன்று பேர். அன்பான மனுசர்கள். மகன் எந்த வருசம் காணாமல் போனார்? அந்தக் காட்சி படத்தில் வருமா? தாய்க்கு என்ன நடந்தது? இருபது நிமிசம் இதுதான். வானைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மகள் ஏன் கதைக்காமல் இருக்கிறாள் எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் அவர்கள் கேட்ட இடத்துக்கெல்லாம் பதில் கட்டினோம். அந்த இருபது நிமிசத்துக்குள் எங்கட படம் வேறொரு படமாக மாறிவிட்டது. நாங்களே மாற்றிக் குடுத்தோம்.

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா 2009 மே மாசம் வட்டுவாகலில் போனவர். இன்னும் வரவில்லை. அந்த விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது அவள்தான். அப்போது ஒண்டும் சொல்லவில்லை. நேர்முகம் முடிந்து லப்டொப்பை மூடின பிறகு சொன்னாள்: "நீங்கள் அந்தப் பெடியனுக்கு ஒரு பேர் கூட வைக்கேல்ல."

திறந்து பார்த்தோம். உண்மை. பதினொரு பக்க விண்ணப்பத்தில் சாரதிக்குப் பெயர் இருந்தது, மகளுக்கு இருந்தது, வானுக்குக்கூட ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவன் மட்டும் "மகன்". 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் குந்தியிருக்கிற அம்மாமார் கையில் வைத்திருப்பது என்ன? ஒரு படம், ஒரு பெயர், ஒரு திகதி. அந்தப் பெயரை மறக்க விடமாட்டம் எண்டுதானே அவர்கள் வெயிலில் இருக்கிறார்கள். நாங்கள் பெயர் இல்லாத ஒருத்தனைச் செய்து காணாமல் ஆக்கினோம். ஒரு படிவத்தின் ஒரு பெட்டியை நிரப்ப.

காசு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் திருப்பிக் குடுத்திருப்போம் எண்டு இப்போது வீரம் பேச மாட்டோம். எடுத்திருப்போம். எடுத்து, அந்த மகனைச் சுற்றி ஒரு படம் கட்டியிருப்போம். அதுதான் எங்களைப் பயமுறுத்துகிறது.

போர்ப்படம் வேண்டாம் எண்டா சொல்கிறோம்?

இல்லை. இந்த இடத்தில் எங்களைப் பிழையாக விளங்கக் கூடாது. "இளம் ஆக்கள் யுத்தத்தை மறந்து முன்னுக்குப் போக வேணும்" எண்டு சொல்கிற கூட்டத்தோடு எங்களைச் சேர்க்க வேண்டாம். யூட் ரட்ணத்தின் "டீமன்ஸ் இன் பரடைஸ்" 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அந்தப் படத்தோடு நாங்கள் சண்டை பிடிக்கலாம், எங்களுக்குள்ளேயே பிடித்திருக்கிறோம். ஆனால் அது ஒரு மனுசன் பல வருசம் தன் பயத்தோடு மல்லுக்கட்டிச் செய்த படம், படிவத்துக்காகச் செய்ததில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி நூறு படம் வர வேணும். ஒவ்வொன்றும் அந்த அம்மாமாரோடு இருந்து, அவர்களிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் எண்டு சொன்னால் நிறுத்தக்கூடிய அளவுக்கு நேரம் எடுத்துச் செய்யப்பட வேணும். அந்த நேரத்துக்குத்தான் அபிவிருத்திக் காசு எண்டு பெயர். போர்ப்படத்துக்கு அது இன்னும் கூடத் தேவை.

எங்கட கதைக்கு உலகத்தில் காசே இல்லை எண்டும் இல்லை. ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் "தீபன்" 2015இல் கானின் தங்கப்பனை விருதை எடுத்தது. பெரும்பகுதி தமிழில் கதைக்கிற படம். நல்ல படமோ இல்லையோ, அது வேற கதை. அந்த மனுசனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. எங்களுக்கும் அதே நேரம் கிடைத்தால் என்ன எடுப்போம் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

றோட்டுக் காசில் எடுத்த படம்

சத்யஜித் ராயின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். "பதேர் பாஞ்சாலி" எடுக்கக் காசில்லாமல் காப்புறுதியை வைத்தார், மனைவியின் நகையை அடகு வைத்தார், படப்பிடிப்பு நிண்டு நிண்டு நடந்தது. கடைசியில் மேற்கு வங்காள அரசு காசு குடுத்தது. படத்தின் பெயரில் பாதை எண்டு இருந்ததால் அந்தக் காசு வீதித் திருத்தக் கணக்கில் எழுதப்பட்டது. இதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். அதுக்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். படத்தின் முடிவை மாற்றி, அந்தக் குடும்பம் ஒரு கிராம அபிவிருத்தித் திட்டத்தில் சேருகிற மாதிரிக் காட்ட ஏலாதோ எண்டு அதிகாரிகள் கேட்டார்கள். ராய் மாட்டன் எண்டார். 1955இல் படம் வந்தது, மிச்சம் உலகத்துக்குத் தெரியும்.

எப்படி அவரால் மாட்டன் எண்டு சொல்ல முடிந்தது? துணிச்சல் எண்டு சொல்லலாம். நாங்கள் வேறொன்றைச் சொல்கிறோம். 1950இல் லண்டனில் இருந்து கப்பலில் திரும்பும்போதே அவர் அந்தப் படத்தைக் காட்சி காட்சியாக வரையத் தொடங்கியிருந்தார். அரசாங்கம் வரும்போது படம் அவருடைய தலையிலும் வரைதல் புத்தகத்திலும் ஏற்கனவே இருந்தது. என்ன எடுக்கிறம் எண்டு தெரிந்தவருக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலும். 22ஆம் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு ஏலாது. யார் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுகிற நிலை அது. அந்த வரைதல் புத்தகத்துக்கான காசு எங்கே இருந்து வந்தது? ஒரு விளம்பர நிறுவனத்தில் அவர் வாங்கின மாதச் சம்பளத்தில் இருந்து. கலியாண வீட்டுக்கு ட்ரோன் விட்டுச் சீவிக்கிற எங்களிடம் அந்தச் சம்பளம் இல்லை.

சனத்தின் காசில் எடுத்த படங்களும் இருக்கு. ஷியாம் பெனகலின் "மந்தன்" 1976இல் குஜராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபா போட்டு எடுத்தது. கேரளத்தில் ஜோன் ஏபிரகாமும் ஒடேசா அமைப்பும் ஊர் ஊராகப் போய்ச் சனத்திடம் காசு சேர்த்து "அம்ம அறியான்" எடுத்தார்கள், 1986இல். இதைச் சொன்னால் உடனே எங்கட ஆக்கள் "அப்ப நீங்களும் சேருங்கோ" எண்டு சொல்வார்கள். சேர்க்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கோ. அதெல்லாம் எடுக்கப்போகிற படத்துக்கான காசு. எழுதுவதற்குச் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம். கையில் காட்ட ஒண்டும் இருக்காது. அதனால்தான் அதை ஒருத்தர் தனியே கேட்க ஏலாது, ஒரு கூட்டமாகத்தான் செய்ய ஏலும்.

எங்கட பக்கப் பிழை

அதுக்கு முதல் கண்ணாடியைப் பார்ப்போம். எங்கட குறும்படக் கலாசாரத்தில் முதலில் வருவது என்ன? போஸ்ரர். படப்பிடிப்பு தொடங்க முதலே முதல் பார்வை, அதுக்கு ஒரு நேரம், அதை வெளியிட ஒரு பிரமுகர். கமரா வாடகைக்கு எடுக்கக் காசு இருக்கு, லென்சுக்கு இருக்கு, நிறத்திருத்தத்துக்கு இருக்கு. எழுதினவருக்கு? "எங்கட பெடியன்தானே." வசனம் எழுதினவர் பெயர் கடைசியில், பிரியாணி தந்தவருக்குப் பக்கத்தில் வரும். யோசிப்பதுக்குக் கூலி இல்லை எண்டு அந்த முதலாளி சொன்னால் கோவிக்கிறோம். நாங்களே ஒரு நாளும் குடுத்ததில்லை.

அதோடு, எழுதுவது எண்டால் இரவிரவா முழித்திருந்து செய்யுறது எண்ட ஒரு ஆம்பிளைக் கதையும் எங்களிடம் இருக்கு. பகல் வேலை, பின்னேரம் வீட்டு வேலை, இரவு எழுத்து எண்டால் எங்கட பெட்டையள் எப்ப எழுதுவது? கொழும்பில் சந்திப்பு எண்டால் எட்டு மணித்தியால இரவு பஸ். பெடியன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவான். அவள் ஏற முதல் வீட்டில் மூன்று நாள் விசாரணை. காசு இல்லாத இடத்தில் யார் எழுதுவது எண்டதை வசதி தீர்மானிக்கும். நேரம் உள்ளவன் எழுதுவான். பிறகு அவனுடைய கதையைத்தான் "எங்கட கதை" எண்டு சொல்லுவோம்.

அப்ப என்ன செய்யிறது?

எங்களிடம் உள்ளது ஒரு சின்ன யோசனை. மாதம் ஆயிரம் ரூபா போடக்கூடிய 60 பேர். மாதம் 60,000. வருசம் 7 இலட்சத்து 20 ஆயிரம். இதில் இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஆறு மாசம், மாதம் 50,000 எழுதுகிற கூலி. அது 6 இலட்சம். மிச்சம் 1 இலட்சத்து 20 ஆயிரம் போக்குவரத்துக்கும் பதிவுகளுக்கும், எழுதினதைப் படித்துக் கருத்துச் சொல்கிறவருக்குக் குடுக்கவும். ஒரு எழுத்தாளருக்கான பங்கு, ட்ரோனும் அல்பமும் சேர்ந்த ஒரு பெரிய கலியாண வீட்டின் கமராச் செலவு அளவுதான். இந்தக் காசில் படம் எடுக்க ஏலாது. ஒரு படம் என்னவெண்டு கண்டுபிடிக்கலாம்.

இதுக்குச் சில ஒழுங்குகளையும் யோசித்திருக்கிறோம். விண்ணப்பம் தமிழில். எழுத வராதவர் வந்து வாயால் கதை சொல்லலாம், பத்து நிமிசம் ஒலிப்பதிவு அனுப்பலாம். தலைப்பு இல்லை. போர் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டோம். வடக்கு மட்டும் இல்லை. கிழக்கு, மலையகம், புத்தளத்து முஸ்லிம் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்தது. இரண்டில் ஒரு இடம் கட்டாயம் ஒரு பெண்ணுக்கு. தெரிவு செய்கிறவர்கள் அந்த வருசம் தாங்கள் விண்ணப்பிக்க ஏலாது. ஆகவே எங்கட தட்டிவானுக்கு முதல் வருசம் சல்லிக்காசு இல்லை. கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை எண்டு ஒரு பக்கக் கடிதம், அதுவும் தமிழில். ஆறு மாசம் முடிய, எழுதினதை ஒரு மண்டபத்தில் இருந்து எல்லாருமாகச் சத்தமாக வாசிப்போம். அவ்வளவுதான் அறிக்கை. "எழுதிப் பார்த்தன், இது படமாக வராது" எண்டு ஒருவர் வந்து சொன்னால் அதையும் ஏற்போம், காசைத் திருப்பிக் கேட்க மாட்டோம்.

இது அரசின் கடமையை எங்கட தோளில் தூக்குவது இல்லையா எண்டு சிலர் கேட்பீர்கள். ஓம், அந்தச் சிக்கல் இருக்கு. அதனால் கேட்பதையும் நிறுத்த மாட்டோம். எழுதும் கட்டத்துக்கு, தமிழிலேயே விண்ணப்பிக்கக்கூடிய, வருசாவருசம் வருகிற ஒரு சிறு நிதி எங்கட வரிக்காசில் இருந்து வர வேணும். வெளிநாட்டு நிதிகளும் முதல் சுற்றில் தாய்மொழியில் எழுதினதை வாசிக்க ஆள் வைக்க வேணும். இவை பிச்சை இல்லை. ஆனால் வெறும் கையோடு கேட்பதும், எங்கட காசில் எழுதி முடித்த இரண்டு திரைக்கதைகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பதும் ஒண்டு இல்லை. மேசையில் ஏதாவது இருந்தால்தான் மாட்டன் எண்டு சொல்ல ஏலும்.

நாங்கள் அந்த விண்ணப்பத்தில் இருந்து மகனை எடுத்துவிட்டோம். சாரதிக்கு இப்போது ஒரே பிள்ளை, அவள் மட்டும். அவள் ஏன் கதைக்கிறாள் இல்லை எண்டது எங்களுக்கு இன்னும் தெரியாது. போன ஞாயிறு எங்களில் இரண்டு பேர் கொடிகாமத்தில் தட்டிவான் ஏறினார்கள். சாரதி ஐயா, "என்ன பிள்ளையள், படம் முடிஞ்சுதோ?" எண்டு கேட்டார். இல்லை ஐயா, இன்னும் எழுதுறம் எண்டு சொன்னோம். "எழுதுங்கோ எழுதுங்கோ, வான் இன்னும் ஓடுதுதானே" எண்டார்.

மாதம் ஆயிரம் ரூபா. இந்த மாசம் நாங்கள் ஏழு பேர் போட்டிருக்கிறோம். இன்னும் 53 பேர் வேணும்.